தூக்கத்துக்கான சிபிடி-ஐ கோர்ஸ் ரிவ்யூ: குடியை விட்டவங்களுக்கும் டிப்ரெஷன்ல இருக்கறவங்களுக்கும் இது செட் ஆகுமா?

முதல்லயே சொல்லிடறேன், இது மெத்தை தலகாணி ரிவ்யூ இல்ல. தூக்கம் வராம அவஸ்தைப்படறவங்களுக்குன்னு ஆன்லைன்ல நடத்தற ஒரு தெரபி கோர்ஸ், சிபிடி-ஐன்னு சொல்வாங்க, இன்சோம்னியாவுக்குன்னே (தூக்கமின்மைக்குன்னே) உருவாக்கின காக்னிடிவ் பிஹேவியர் தெரபி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தற தெரபி. வாரத்துக்கு ஒரு தடவ தெரபிஸ்ட் வீடியோ கால்ல வருவாங்க, மத்த நாள் எல்லாம் ஆப்ல தூக்க டைரி எழுதணும், அவ்ளோதான் செட்டப். கோர்ஸ் பேர் போடப்போறதில்ல. குறையும் நெறைய சொல்லப்போறேன், பேர் போட்டு சண்டை இழுத்துக்க தெம்பு இல்ல, அதுவும் இல்லாம இந்த முறைய யார் நடத்தினாலும் அடிப்படை ஒண்ணுதான்.

நெட்ல இருக்கற ரிவ்யூ முக்காவாசி "வேலை டென்ஷன்ல தூக்கம் போச்சு, கோர்ஸ் எடுத்தேன், இப்ப சூப்பர்" டைப்புதான். நான் அந்த கேஸ் இல்ல. குடியை விட்டவன், டிப்ரெஷனுக்கு மாத்திரை போட்டுட்டு இருக்கறவன், ரெண்டுல எது முதல்ல வந்துச்சுன்னு என் டாக்டராலயே அடிச்சு சொல்ல முடியல. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு தூக்கம் கெட்டுப்போற விதமே வேற, அதனால நம்ம பக்கத்துல இருந்து ஒரு ரிவ்யூ இருக்கட்டுமேன்னு எழுதறேன்.

தீர்ப்பு மட்டும் வேணும்ங்கறவங்களுக்கு: முறை வேலை செய்யுது, எடுக்கலாம். ஆனா உங்க குடி விஷயத்தையும் மனசு விஷயத்தையும் முதல் கால்லயே கேக்காத தெரபிஸ்டா இருந்தா அந்த கோர்ஸ விட்டு வெளிய வந்துடுங்க. ஏன்னு கீழ எழுதறேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

குடிச்சா தூக்கம் வரும்னு சொல்றது பொய் இல்ல, பாதி நெசம். முதல் பாதி ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவோம், சரக்கு ரத்தத்துல இருந்து இறங்க இறங்க ரெண்டாவது பாதில மூளை பதிலுக்கு முழிச்சுக்கும், வேர்க்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூணு மணிக்கு கண்ணு தொறந்தா தொறந்ததுதான். கனவு வர்ற ரெம் தூக்கத்தை வேற ஆல்கஹால் முன் ராத்திரில அமுக்கி வெச்சிருக்கும், அது பின் ராத்திரில பீறிட்டு வரும். அந்த மயக்கி தூங்க வைக்கற எஃபெக்ட்டும் ரொம்ப நாள் நிக்காது, சில ராத்திரிலயே உடம்பு பழகிடும், அப்புறம் அதே தூக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தணும். இதெல்லாம் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். தெரியாதது என்னன்னா விட்டதுக்கு அப்புறம் நடக்கறது. விட்ட உடனே தூக்கம் திரும்பி வந்துடும்னு நெனப்போம், வராது. வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல, வருஷம் தாண்டியும் கூட தூக்கம் துண்டு துண்டாதான் இருக்கும், ஆழ்ந்த தூக்கம் கொறைஞ்சே இருக்கும். குடிக்கு அடிமையானவங்கள்ல இன்சோம்னியா எவ்ளோ பேருக்குன்னு பாத்த ஆய்வுகள்ல 36 சதவீதத்துல இருந்து 91 சதவீதம் வரைக்கும் கணக்கு வருது. ரேஞ்ச் பெருசுதான், ஆனா கம்மியான நம்பரே மூணுல ஒருத்தருக்கு மேல.

இதை ஏன் சீரியஸா எடுக்கணும்னா, 2001ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, சிகிச்சைக்கு வர்றப்பவே தூக்கப் பிரச்சனை இருந்தவங்கள்ல 60 சதவீதம் பேர் திரும்ப குடிக்கப் போயிருக்காங்க, தூக்கம் நல்லா இருந்தவங்கள்ல 30 சதவீதம். சின்ன ஆய்வுதான், கடைசி வரைக்கும் ஃபாலோ பண்ணது 74 பேரைத்தான், ஆனாலும் ரெண்டு மடங்கு. குடியை விட்டவங்க கிட்ட கேட்டா இதுக்கு ஆய்வே வேணாம்னு சொல்லுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு "ஒரே ஒரு பெக், தூங்கறதுக்கு மட்டும்" அப்படிங்கற குரல் கேக்காத ஆளே கெடையாது.

டிப்ரெஷன் பக்கம் கதை வேற. அங்க க்ளாசிக் அடையாளம் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துடறது, அந்த நேரத்துல மனசு இருக்கறதுலயே மோசமா இருக்கறது. சில பேருக்கு நேர் எதிர், பத்து பன்னெண்டு மணி நேரம் தூங்கியும் அலுப்பு போகாது. ரெம் தூக்கம் வழக்கத்தை விட சீக்கிரமே வந்துடுதுன்னு 1970கள்லயே கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. முன்னாடி எல்லாம் தூக்கமின்மை டிப்ரெஷனோட அறிகுறி மட்டும்தான், டிப்ரெஷன சரி பண்ணா தானா போயிடும்னு சொன்னாங்க. இப்ப அப்படி சொல்றதில்ல. தூக்கமின்மை இருக்கறவங்களுக்கு பின்னாடி டிப்ரெஷன் வர்ற வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்குன்னு 2011ல பல ஆய்வுகள சேத்துப் பாத்து சொன்னாங்க, டிப்ரெஷன் முக்காவாசி சரியான பிறகும் தூக்கம் மட்டும் சரியாகாம தொங்கிட்டே இருக்கறது ரொம்ப சகஜம். எனக்கு அந்த கேஸ்தான், மனசு ஓரளவு எழுந்து உக்காந்துடுச்சு, தூக்கம் மட்டும் வரமாட்டேன்னு அடம்.

சரி கோர்ஸுக்கு வர்றேன்.

முதல் கால்ல என்ன நடக்குதுன்னு கவனமா பாருங்க, அதுல பாதி தெரிஞ்சுடும். எனக்கு வந்த தெரபிஸ்ட் மேடம் முதல்ல இன்சோம்னியா எவ்ளோ தீவிரம்னு அளக்கற ஐஎஸ்ஐன்னு ஒரு கேள்வித்தாள் குடுத்தாங்க, ஏழு கேள்வி, மொத்தம் 28 மார்க், 15ஓ அதுக்கு மேலயோ வந்தா சிகிச்சை தேவைப்படற அளவுக்கு இன்சோம்னியான்னு அர்த்தம். அது எல்லா இடத்துலயும் குடுப்பாங்க. எனக்கு பிடிச்சது அதுக்கு அப்புறம் கேட்டது. "கடைசியா எப்ப குடிச்சீங்க?" நேரா, முகத்துல எந்த மாற்றமும் இல்லாம, கண்ணு பவர் என்னன்னு கேக்கற தொனியில கேட்டாங்க. இன்னும் தினமும் குடிச்சிட்டு இருக்கறவரா இருந்தா தூக்க கோர்ஸ் ஆரம்பிக்க மாட்டேன், முதல்ல டாக்டர் கண்காணிப்புல குடியை இறக்கணும்னு சொன்னாங்க. அது நியாயம்தான், ரெகுலரா நெறைய குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டுல இருந்து நாலாவது நாளுக்குள்ள டெலிரியம் ட்ரெமன்ஸ்னு உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம், அந்த நேரத்து தூக்கமின்மைக்கு கோர்ஸ் இல்ல ஆஸ்பத்திரிதான் தேவை.

அப்புறம் குறட்டை விடறீங்களா, தூக்கத்துல மூச்சு நிக்கற மாதிரி கூட இருக்கறவங்க சொல்லிருக்காங்களா, கால் குறுகுறுன்னு இழுத்துட்டே இருக்கா, இதெல்லாம். ஸ்லீப் ஆப்னியா, அதாவது அந்த மூச்சு நிக்கற பிரச்சனை இருந்தா எவ்ளோ தெரபி பண்ணாலும் பகல் அலுப்பு போகாது, டிப்ரெஷன் மாதிரியே வெளிய தெரியும், ஆல்கஹால் தொண்டை தசைய தளர்த்தி அதை இன்னும் மோசமாக்கும். கால் குறுகுறுப்பு சில டிப்ரெஷன் மாத்திரையாலயே அதிகமாகும். வலி மருந்துக்கு அடிமையாகி இப்ப அதுக்கு மாத்து மருந்தா குடுக்கற மெத்தடோன்ல இருக்கறவங்களுக்கு மூளையே மூச்சு விட சொல்ல மறக்கற வேற வகை ஆப்னியா வரலாம், அவங்களுக்கு தூக்க டெஸ்ட் இல்லாம கோர்ஸ் சேத்துக்கறதே தப்புன்னு மேடம் சொன்னாங்க. மனசு உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறி போற பைபோலார் இருக்கான்னு ரெண்டு விதமா மாத்தி மாத்தி கேட்டாங்க, ஏன்னா இந்த கோர்ஸ்ல தூக்க நேரத்தை குறைக்கற ஸ்டெப் ஒண்ணு வரும், பைபோலார் இருக்கறவங்களுக்கு தூக்கம் குறைஞ்சா மேனியா, அதாவது அந்த உச்ச நிலை, கிளம்பிடலாம். வலிப்பு இருக்கறவங்களுக்கும் அதே எச்சரிக்கை. தற்கொலை எண்ணம் வருதான்னும் கேட்டாங்க, வந்தா யாரை கூப்பிடுவீங்கன்னு ஒரு பேர சொல்ல வெச்சு அதை எழுதிக்கிட்டாங்க. ராத்திரி முழிச்சிருக்கறப்ப அந்த எண்ணம் பகலை விட பெருசா தெரியும், அதனால இந்த கேள்விய கேக்காத இடத்துக்கு போகாதீங்க.

இப்ப மெயின் மேட்டர், தூக்கக் கட்டுப்பாடு. 1987ல ஆர்தர் ஸ்பீல்மேன்ங்கறவரு பேப்பரா போட்டது. டைரில பாத்தா படுக்கைல கெடக்கறது ஒம்போது மணி நேரம், தூங்கறது அஞ்சரைன்னா, இனிமே படுக்கைக்கே அஞ்சரை மணி நேரம்தான். காலைல எழற நேரம் ஃபிக்ஸ், எனக்கு 6, அப்ப ராத்திரி பன்னெண்டரை வரைக்கும் படுக்கக்கூடாது. படுத்த நேரத்துல 85 சதவீதத்துக்கு மேல தூங்கினா ஒரு வாரம் கழிச்சு 15 நிமிஷமோ அரை மணி நேரமோ சேப்பாங்க. அஞ்சு மணி நேரத்துக்கு கீழ யாரையும் இறக்க மாட்டாங்க. தூங்க முடியாதவன இன்னும் கம்மியா தூங்க சொல்றது என்ன நியாயம்னு கோவம் வரும், எனக்கு வந்துச்சு. ஆனா ஒரு வாரத்துல தூக்கப் பசி ஏறி, துண்டு துண்டா இருந்த தூக்கம் ஒட்டிக்க ஆரம்பிக்கும், அதுதான் தந்திரமே.

சாதாரண ஆளுக்கு இது சரி. குடியை விட்டவனுக்கு சாயங்காலம் ஆறுல இருந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இருக்கற நேரம் என்ன நேரம்னு தெரியும்ல. சீக்கிரம் படுத்து போர்வைய இழுத்துக்கறதுதான் நம்மல்ல நெறைய பேர் தப்பிச்ச வழியே. மறுவாழ்வு க்ரூப்கள்ல பசி, கோவம், தனிமை, களைப்பு, இந்த நாலும் வந்தா உஷாரா இருன்னு சொல்வாங்க, இந்த கோர்ஸ் என்னன்னா ஃபீஸ் வாங்கிட்டு நாலுல ரெண்ட கைல குடுக்குது. இத நான் சொன்னப்ப மேடம் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப ஒரேயடியா வெட்ட வேணாம், வாரத்துக்கு அரை மணி நேரமா குறைச்சுட்டு வரலாம், பத்துல இருந்து பன்னெண்டரை வரைக்கும் என்ன பண்ணப்போறீங்கன்னு இப்பவே சேந்து எழுதுவோம்"னு சொன்னாங்க. மெதுவா குறைக்கற முறைக்கு கம்ப்ரெஷன்னு பேரு, வயசானவங்களுக்கும் பலவீனமானவங்களுக்கும் ஏற்கனவே யூஸ் பண்றதுதான். ஆப்ல அந்த ஆப்ஷனே இல்ல. தெரபிஸ்ட் கையால மாத்தினதுனாலதான் நான் தப்பிச்சேன், ஆப் மட்டும் வெச்சு பண்ற சீப் ப்ளான எடுத்திருந்தா பாதில ஓடியிருப்பேன்.

அடுத்தது ஸ்டிமுலஸ் கண்ட்ரோல், 1972ல ரிச்சர்ட் பூட்ஸின் கொண்டு வந்தது. படுக்கைல தூக்கம், செக்ஸ் தவிர வேற எதுவும் கூடாது, தூக்கம் வரலன்னா எழுந்து வேற ரூமுக்கு போய்டணும், கண்ணு சொருகினாதான் திரும்ப வரணும். கேக்க ஈஸி. டிப்ரெஷன்ல இருக்கறவனுக்கு படுக்கைதான் வீடு, அதுதான் ஆபீஸ், சாப்பிடறதும் அங்கதான், போன் பாக்கறதும் அங்கதான், அழறதும் அங்கதான். ராத்திரி எழுந்து வர்றத விட பகல்ல படுக்கைக்கு போகாம இருக்கறதுதான் நமக்கு உயிர் போற வேலை, அதை பத்தி கோர்ஸ் புக்ல அரை பக்கம்தான் இருக்கு. மேடம் சொன்ன ஐடியா ஒண்ணு வேலை செஞ்சுது. பகல்ல படுக்கணும்னு தோணுச்சா படுங்க, ஆனா ஹால்ல, லைட்ட போட்டுக்கிட்டு, தலகாணி இல்லாம. படுக்கறத தடை பண்ணல, அந்த கட்டில மட்டும் தடை பண்ணாங்க. அது என்னால முடிஞ்சுது.

ராத்திரி எழுந்து வர்றதுக்கு நான் வெச்ச செட்டப் சொல்றேன், இது யாருக்காவது யூஸ் ஆகும். ஹால்ல ஒரு நாற்காலி, மஞ்சள் வெளிச்சம் வர்ற சின்ன லேம்ப், ஒரு சால்வை, முன்னாடியே படிச்சு முடிச்ச போரான புக். போன் சமையலறைல சார்ஜ்ல. எல்லாத்தையும் சாயங்காலமே எடுத்து வெச்சிடணும், ராத்திரி ரெண்டு மணிக்கு முடிவெடுக்கற நெலமைல மூளை இருக்காது, முடிவெடுக்க விட்டா அது எடுக்கற முடிவு நமக்கு தெரியாததா என்ன. க்ரூப்ல இருக்கற ஒரு அண்ணன் அந்த நாற்காலி பக்கத்துல தன் ஸ்பான்சர் (குடியை முன்னாடியே விட்டு, இவருக்கு துணையா இருக்கறவர்) நம்பர ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டி வெச்சிருக்காராம், நல்ல ஐடியா.

இப்ப ஆப்ப பத்தி. டைரில தினமும் காலைல ஏழெட்டு கேள்வி, எத்தன மணிக்கு படுத்தீங்க, எவ்ளோ நேரத்துல தூங்குனீங்க, எத்தன தடவ முழிச்சீங்க. அதுல ஒண்ணு "நேத்து எத்தன ட்ரிங்க்ஸ்?" தினமும். ஆஃப் பண்ண முடியாது, சைபர்னு கை வெச்சு அழுத்தினாதான் அடுத்த ஸ்க்ரீன் வரும், அதுவும் பக்கத்துல அழகா ஒரு வைன் க்ளாஸ் படம். குடியை விட்டவன் காலைல கண்ணு தொறந்த உடனே பாக்கற முதல் படம் க்ளாஸ்! இத டிசைன் பண்ணவர் ஒரு தடவயாவது நம்ம ஆளுங்க யார்கிட்டயாவது காட்டியிருக்கலாம். சப்போர்ட்டுக்கு எழுதினேன், உங்கள் கருத்துக்கு நன்றின்னு ஆட்டோ ரிப்ளை வந்துச்சு, படம் இன்னும் அங்கயேதான் இருக்கு. நேர்மையா சொல்லணும்னா போகப் போக அந்த சைபர அழுத்தறது ஒரு சின்ன கெத்தா மாறிடுச்சு, ஆனா அது ஆப்புக்கு க்ரெடிட் இல்ல.

அதே ஆப் தூக்கத்துக்கு மார்க் போட்டு செவப்பு பச்சைல காட்டும், வாட்ச்சோட வேற கனெக்ட் பண்ண சொல்லும். பண்ணாதீங்க. கைல கட்டற வாட்ச் அசைவையும் இதயத் துடிப்பையும் வெச்சு கணிக்கறதுதான், முழிச்சிட்டு அசையாம விட்டத்த பாத்துட்டு படுத்திருந்தா அதையும் தூக்கம்னு எழுதிடும், டிப்ரெஷன்ல நாம பண்றதே அதுதான். ட்ராக்கர் நம்பர துரத்தியே தூக்கத்த கெடுத்துக்கறவங்களுக்கு 2017ல ஆர்த்தோசோம்னியான்னு ஒரு பேரே வெச்சுட்டாங்க. மேடமும் வாட்ச்ச கழட்டிடுங்க, டைரில உத்தேசமா எழுதுங்க, மணி பாக்காதீங்கன்னுதான் சொன்னாங்க. அப்ப ஆப்ல எதுக்கு அந்த வசதி, கேட்டா மார்க்கெட்டிங் டீம்னு சிரிக்கறாங்க.

ஸ்லீப் ஹைஜீன்னு ஒரு பேப்பர் குடுப்பாங்க, அது வேஸ்ட். ரூம் இருட்டா வைங்க, ஜில்லுன்னு வைங்க, படுக்கறதுக்கு முன்னாடி குடிக்காதீங்க, ஆமா சார் அத விட்டுட்டுதானே இங்க வந்து உக்காந்திருக்கோம். தனியா இத மட்டும் வெச்சு இன்சோம்னியா சரியாகாதுன்னு தூக்க டாக்டர்களே சொல்றாங்க. ஆனா அந்த பேப்பர்ல இல்லாத, நம்ம ஆளுங்களுக்கு தேவையான ரெண்டு விஷயத்த மேடம் வாயால சொன்னாங்க. ஒண்ணு காஃபி. காஃபின் உடம்புல பாதியா குறையவே அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், அது தெரிஞ்சதுதான், ஆனா சிகரெட் பிடிக்கறவங்க உடம்பு காஃபின சுமார் ரெண்டு மடங்கு வேகத்துல கரைக்கும். குடியோட சேத்து சிகரெட்டையும் விட்டவங்க அதே அளவு காஃபி குடிச்சா உள்ள தங்கற காஃபின் எக்கச்சக்கம், படபடப்பு தூக்கமின்மை எல்லாத்துக்கும் சிகரெட்ட விட்டதுதான் காரணம்னு நெனச்சு திரும்ப பத்த வெச்சுடுவாங்க. மறுவாழ்வு மீட்டிங் எல்லாம் காஃபிலதான் ஓடுதுங்கறது வேற விஷயம். இன்னொண்ணு நிக்கோடின் பேட்ச், ராத்திரி ஒட்டிட்டே தூங்கினா கலர் கலரா கொடூரக் கனவு வரும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு படுக்கப் போறப்ப எடுத்துடலாம்.

கனவுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. குடிக்கற கனவு வரும், முழுசா, வாசனையோட, எழுந்தா வாய்ல டேஸ்ட் இருக்கற மாதிரி பயமா இருக்கும், செத்தோம்டா விட்டதெல்லாம் போச்சுன்னு சில செகண்ட் நெஞ்சு நிக்கும். கோர்ஸ்ல இதப் பத்தி ஒரு வரி கெடையாது. இது விட்டவங்க நெறைய பேருக்கு வர்றது, வந்ததுனால நாம வழுக்கறோம்னு அர்த்தம் இல்லன்னு யாராவது முதல் வாரமே சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும். கஞ்சா விட்டவங்களுக்கு இது இன்னும் உக்கிரமா இருக்கும், வருஷக்கணக்கா அமுங்கிக் கெடந்த கனவெல்லாம் ஒண்ணா வரும், தூக்கம் கெடறது முதல் சில நாள்லயே ஆரம்பிச்சு பல வாரம் இழுக்கும். கஞ்சா விட்டா வித்ட்ராவல் எல்லாம் கெடையாதுன்னு சொல்றவங்களுக்கு, 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்க மனநோய் கையேட்டுலயே அது தனி நோயறிதலா சேந்தாச்சு.

மாத்திரை விஷயம். கோர்ஸ் விளம்பரத்துல "மாத்திரைக்கு குட்பை"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க, அத பாத்து யாரும் உங்க டிப்ரெஷன் மாத்திரைய நிறுத்திடாதீங்க தயவுசெஞ்சு. அவங்க சொல்றது தூக்க மாத்திரைய. அதுலயும் வருஷக்கணக்கா பென்சோடையசெபைன் எடுக்கறவங்க சட்டுனு நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்ற கணக்குலதான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். குடிக்கு அடிமையா இருந்தவங்களுக்கு அந்த வகை மாத்திரை ஆபத்துன்னு சொல்றதுக்கு காரணம், மூளைல ஆல்கஹால் தட்டற அதே காபா (மூளைய அமைதிப்படுத்தற ரசாயனம்) கதவைத்தான் அதுவும் தட்டுது, ஒண்ண விட்டுட்டு இன்னொண்ணுக்கு மாறறது ரொம்ப ஈஸி. அடிமையாகற அபாயம் பத்தி 2020ல அமெரிக்க மருந்துத் துறை அதுக்கு ரொம்ப கடுமையான பெட்டி எச்சரிக்கை போட்டுச்சு, ஜோல்பிடம் வகை தூக்க மாத்திரைக்கு 2019லயே வேற காரணத்துக்கு போட்டாச்சு, தூக்கத்துலயே எழுந்து வண்டி ஓட்டிட்டு போன கேஸ் எல்லாம் இருக்கு. "அடிமையாகாத" மாத்திரைன்னு குடுக்கற ட்ரசோடோன கூட 2008ல டிடாக்ஸ் (உடம்புல இருந்து சரக்க இறக்கற சிகிச்சை) முடிச்சவங்களுக்கு குடுத்துப் பாத்தாங்க, தூக்கம் கொஞ்சம் நல்லாச்சு, ஆனா குடிக்காம இருந்த நாள் கணக்குல டம்மி மாத்திரை எடுத்தவங்கதான் முன்னாடி இருந்தாங்க. ஆக தூக்கம் வந்துட்டா போதும் குடி தானா அடங்கிடும்னு கணக்கு போட முடியாது. இந்த கோர்ஸ் வகைக்கும் அதேதான், குடியை விட்டவங்ககிட்ட பண்ண ஆய்வுகள்ல தூக்கம் நல்லாவே முன்னேறுது, குடி குறையுதாங்கறது மட்டும் தெளிவா வரல. விளம்பரத்துல இத சொல்ல மாட்டாங்க.

டிப்ரெஷனுக்கும் கலவையான ரிசல்ட்தான். 2008ல 30 பேர வெச்சு பண்ண ஒரு சின்ன ஆய்வுல டிப்ரெஷன் மாத்திரையோட இந்த தெரபியும் சேத்தவங்கள்ல சுமார் 62 சதவீதம் பேருக்கு டிப்ரெஷன் விலகுச்சு, சேக்காதவங்கள்ல 33. எல்லா விளம்பரத்துலயும் இந்த நம்பர்தான் ஓடும். அதே ஆளுங்க 2016ல 150 பேர வெச்சு பெருசா பண்ணப்ப தூக்கம் நல்லா முன்னேறுச்சு, டிப்ரெஷன் விலகற கணக்குல பெரிய வித்தியாசம் வரல. ஆனா தூக்கமின்மைக்கு முதல்ல குடுக்க வேண்டியது மாத்திரை இல்ல இந்த தெரபிதான்னு 2016ல அமெரிக்க ஃபிசிஷியன்ஸ் காலேஜும் 2017ல ஐரோப்பிய வழிகாட்டுதலும் சொன்னது அப்படியேதான் நிக்குது.

கோர்ஸோட காக்னிடிவ் பகுதி, அதாவது எண்ணங்கள உடைச்சு பாக்கறது, எனக்கு எதிர்பாக்காத அளவு யூஸ் ஆச்சு. சாதாரண ஆளோட பயம் "தூங்கலன்னா நாளைக்கு மீட்டிங்ல சொதப்புவேன்". என்னோட பயம் "தூங்கலன்னா நாளைக்கு குடிச்சிடுவேன்". மேடம் அத சும்மா நெகடிவ் எண்ணம்னு தள்ளி விடல, புள்ளிவிவரத்துல அந்த பயத்துக்கு அடிப்படை இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் கேட்டாங்க, இதுவரைக்கும் தூங்காத ராத்திரி எத்தன, அதுல அடுத்த நாள் குடிக்காம இருந்தது எத்தன. டைரிய எடுத்து பாத்தோம். தூங்காத ராத்திரி பக்கம் பக்கமா இருக்கு, எல்லாத்துக்கும் எதிர்ல அந்த சைபர். அதுக்கப்புறம் முழிப்பு வந்தா முன்ன மாதிரி பதறல, பதறலன்னா பாதி நாள் தானா தூங்கிடறேன்.

இப்ப என் நெலம கேட்டா, ஐஎஸ்ஐ ஸ்கோர் நல்லாவே இறங்கிடுச்சு, படுத்தா தூங்கிடறேன், நடுவுல முழிப்பு இன்னும் வருது, விடியக்காலை முழிப்பு மனசு சரியில்லாத வாரத்துல திரும்ப தலைகாட்டுது. ஆழ்ந்த தூக்கம் முழுசா வரலன்னுதான் தோணுது, அதுக்கு காலம் பிடிக்கும்னு டாக்டரும் சொல்றாரு. ரிலாக்ஸேஷன் ஆடியோ எல்லாம் சுமார், அந்த குரல் கேட்டாலே எரிச்சல். குடியை விட்டு இன்னும் ஓரிரு வாரம்கூட ஆகாதவங்க உடனே சேராதீங்க, அப்ப இருக்கற தூக்கமின்மைல ஒரு பகுதி தானாவே குறையும், அது குறைஞ்சு மிச்சம் நிக்கறத பாத்துட்டு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. தூக்கக் கட்டுப்பாடு வாரங்கள்ல நீண்ட தூரம் வண்டி ஓட்டற வேலை இருந்தா ஆரம்பிக்கறதையே தள்ளிப் போடுங்க, பகல்ல நெசமாவே சொக்கும்.

கடைசி குறை. கோர்ஸ் முடிஞ்ச கொஞ்ச நாள்ல ஆப் லாக் ஆயிடும், டைரி எல்லாம் உள்ள மாட்டிக்கும், காசு கட்டினாதான் தெறக்கும். ஆப்ல இருக்கற மூணு புள்ளி மெனுக்குள்ள போய் கீழ வரைக்கும் தள்ளினா பிடிஎஃப்பா எடுக்கற வசதி ஒளிஞ்சிட்டு இருக்கு, முடியறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. என் சைக்கியாட்ரிஸ்ட் அந்த பிடிஎஃப்ப பாத்துட்டுதான் காலைல போடற மாத்திரையையும் ராத்திரி போடற மாத்திரையையும் இடம் மாத்தினாரு.